வீட்டுத் தறியும் நெய்பவர் உடலும்

'நூல்' என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. பஞ்சிலிருந்து திரிக்கப்படுவதும் நூல்; புலவன் சொல்லிலிருந்து ஆக்குவதும் நூல். சொல்லைப் பஞ்சாகவும் புலவனை நூற்கும் பெண்ணாகவும் வைத்து இந்த ஒப்புமையை விளக்குகிறது நன்னூல். வள்ளுவர் நெசவுத் தொழில் செய்தவர் என்னும் செவிவழிச் செய்தியும் நம்மிடையே நெடுங்காலமாக வழங்கி வருகிறது. ஏட்டையும் ஆடையையும் இவ்வளவு நெருக்கமாக வைத்து எண்ணிய மக்கள் நாம்.

ஆனால் நண்பர்களே, ஏட்டைப் படிப்பவனுக்கு நல்ல மேசை வேண்டும், நல்ல வெளிச்சம் வேண்டும் என்று நாம் எல்லோரும் அறிவோம். விடுதியில் விளக்கு சற்று மங்கினாலும் காப்பாளரிடம் முறையிடுகிறோம். ஆடை நெய்பவருக்கு எத்தகைய இருக்கை வேண்டும், எங்கிருந்து வெளிச்சம் வர வேண்டும் என்று எண்ணிப் பார்த்ததுண்டா? நான் எண்ணிப் பார்க்கவில்லை. என் தாயே நெசவு செய்பவராக இருந்தும் எண்ணிப் பார்க்கவில்லை. அந்தக் குறையை உணர்ந்த பிறகு கற்றவற்றையே இங்கே எழுதுகிறேன்.

இரண்டு குழிகள்

எங்கள் ஊர் கோலார் தங்கவயல். ஊரின் கதை உங்களுக்குத் தெரியும். 1880ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் குழுமத்தார் அங்கே சுரங்கப் பணியை மேற்கொண்டனர். வடஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பக்கங்களிலிருந்து தமிழ்மக்கள் குடும்பம் குடும்பமாக வந்து 'லைன்' எனப்படும் வரிசை வீடுகளில் குடியேறினர். 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3,000 மீட்டருக்கும் கீழே சென்றது. அவ்வாழத்தில் பாறையின் வெப்பம் 60 டிகிரி செல்சியசைக் கடந்திருந்தது. 2001ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன.

என் தந்தையார் அச்சுரங்கத்தில் மரம் நிறுத்தி முட்டுக் கொடுக்கும் வேலை செய்தவர். சுரங்கம் மூடப்பட்ட பிறகு, மற்றவர்களைப் போலவே மாரிக்குப்பத்தில் விடியற்காலை ரயில் ஏறிப் பெங்களூருக்குக் கூலி வேலைக்குப் போய்வந்தார்.

என் தாயார் பிறந்த ஊர் குடியாத்தம். கைத்தறி லுங்கிக்குப் பெயர் பெற்ற ஊர் அது. அங்கே பாட்டியின் வீட்டு முன்கட்டில் ஒரு குழித்தறி இருந்தது. நாங்கள் பாட்டியை ஆயா என்போம். தரையில் வெட்டிய குழிக்குள் கால்களைத் தொங்கவிட்டு, குழியின் விளிம்பில் அமர்ந்து நெய்வார் ஆயா. விடுமுறைக்குப் போகும்போதெல்லாம், "அப்பா இறங்குகிற குழி பெரிது, ஆயா இறங்குகிற குழி சிறிது" என்று நான் சொல்வேனாம். சிறுவனின் பேச்சென்று வீட்டார் சிரிப்பார்களாம்.

இன்று அந்தப் பேச்சில் ஓர் உண்மை இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. பெரிய குழிக்குச் சட்டம் இருந்தது. நிலத்தடியில் ஒருவர் ஒரு நாளைக்கு 8 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யலாகாது என்று 1952ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டம் வகுத்தது. காற்றோட்டத்திற்கும் வெளிச்சத்திற்கும் அதன்கீழ் விதிகள் இருந்தன. சட்டம் இருந்தும் சுரங்கத்தில் மாண்டவர் பலர். தூசியால் நுரையீரல் கெட்டவர் பலர். எனினும் இத்தனை மணி, இத்தனை காற்று என்று கேட்க ஒரு வழியாவது இருந்தது. சிறிய குழிக்கோ அதுவும் இல்லை. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், மின்விசை இல்லாத இடமாயின் 20 பேர் வேலை செய்தால்தான் அதனைத் தொழிற்சாலை என்று கொண்டது. ஒரே ஒரு பெண் அமர்ந்து நெய்யும் முன்கட்டை அச்சட்டம் எட்டிப் பார்க்கவில்லை.

வீட்டில் ஏன் தறி?

"வீட்டில் வசதி இல்லையென்றால் ஆலைக்குச் சென்று நெய்யலாமே?" என்று நண்பர் ஒருவர் என்னைக் கேட்டார். நல்ல கேள்விதான். அதற்கு வரலாற்றில் ஒரு விடை உண்டு.

1906ஆம் ஆண்டில், ஆல்பிரட் சாட்டர்டன் என்னும் பொறியியல் அறிஞரின் முயற்சியால், சென்னை மாகாண அரசு சேலத்தில் ஒரு கைநெசவுச் சாலையைத் திறந்தது. நெசவாளர்களை ஓரிடத்தில் கூட்டி, விரைவாக நெய்யும் தறிகளைக் கொடுத்து, கூலிக்கு நெய்ய வைப்பது அதன் நோக்கம். தறிகள் நன்றாகவே ஓடின. நெசவாளர்தாம் ஒட்டவில்லை. குறித்த நேரத்தில் வந்து, குறித்த நேரம்வரை கட்டுண்டு இருப்பது அவர்களுக்குப் பிடிக்கவில்லை. வீட்டில் மனைவி நூல் இழைப்பாள், பிள்ளை தார் சுற்றுவான், முதியவர் அறுந்த இழையைப் பிணைப்பார். ஆலைக்கு வந்தால் ஒருவர் கூலி மட்டுமே கிடைக்கும். குடும்பத்தார் கையுதவி வீணாகும். 1910இல் அச்சாலை மூடப்பட்டது.

அன்று முதல் இன்று வரை கைத்தறி பெரும்பாலும் வீட்டுத் தொழிலாகவே இருந்து வருகிறது. 2019-20ஆம் ஆண்டின் நான்காம் கைத்தறிக் கணக்கெடுப்பு, நாடு முழுவதும் கைத்தறித் தொழிலில் 35 லட்சத்திற்கும் மேற்பட்டோர் இருப்பதாகக் கண்டது. அவர்களுள் 100க்கு 72 பேர் பெண்கள். அவர்களுக்கு வீடே பட்டறை. அடுப்பு எரிவதும் தொட்டில் ஆடுவதும் தறி ஓடுவதும் ஒரே கூரையின் கீழ்த்தான். ஆதலால் தறி இருக்கும் இடத்தைச் செம்மைப்படுத்த வேண்டுமானால், அதனை வீட்டாரே செய்தாக வேண்டும்.

பதின்மூவாயிரம் முறை

சிறிய அசௌகரியம்தானே, பொறுத்துக்கொண்டால் என்ன என்று சிலர் கருதலாம். அவர்களுக்கு ஒரு கணக்குச் சொல்கிறேன்.

ஒரு பருத்திப் புடவையின் நீளம் ஐந்தரை மீட்டர் என்று கொள்வோம். அஃது ஏறத்தாழ 216 அங்குலம். ஓர் அங்குலத்திற்கு 60 ஊடை இழை என்று வைத்துக்கொண்டால், அந்த ஒரு புடவைக்கு ஏறத்தாழ 13,000 ஊடை இழைகள் வேண்டும். ஓர் இழைக்கு ஒரு முறை மிதி அழுந்த வேண்டும். ஒரு முறை கயிற்றை இழுத்து நாடாவை ஓட்ட வேண்டும். ஒரு முறை அச்சை இழுத்து அடிக்க வேண்டும். ஆகவே ஒரு புடவை முடிவதற்குள் கால் 13,000 முறை இயங்குகிறது. ஒரு கை 13,000 முறை இழுக்கிறது. மறு கை 13,000 முறை அடிக்கிறது.

கைப்பிடி இரண்டங்குலம் உயரமாகத் தொங்கினால், ஒரு புடவைக்குத் தோள் 13,000 முறை தேவையின்றி எழும்புகிறது. 10 புடவைக்கு 1,30,000 முறை. ஓர் அங்குலப் பிழை தறியில் சிறியது, உடலில் சிறியதன்று.

எங்கள் வீட்டில் நடந்த பிழை

ஆயா மறைந்த பின் அவருடைய தறி குடியாத்தத்தில் கேட்பாரற்றுக் கிடந்தது. விறகுக்குப் போய்விடும் என்று அஞ்சிய அம்மா அதனைத் தங்கவயலுக்குக் கொண்டுவரச் சொன்னார். அச்சும், படமரமும், நாடா ஓடும் சட்டமும் வண்டியேறி வந்தன. குழியை வண்டியில் ஏற்றிக் கொண்டுவர முடியாதன்றோ? எங்கள் லைன் வீட்டின் தரைக்குக் கீழே பாறை. தோண்டினால் பழைய சுவருக்கும் கேடு. எனவே ஆண்டர்சன்பேட்டைத் தச்சர் ஒருவரைக் கொண்டு ஆளுயரச் சட்டம் ஒன்று செய்து, குழி இல்லாமல் தரைக்கு மேல் நிற்கும் சட்டத்தறியாக அதனை மாற்றினோம்.

எங்கே வைப்பது? வீட்டில் முன்னறை ஒன்று, சமையற்கட்டு ஒன்று. முன்னறையில் ஒரே ஒரு சன்னல். அச்சன்னலை ஒட்டி என் படிப்பு மேசை இருந்தது. நான் அப்போது பல்கலைக்கழக நுழைவுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். "அவன் படிக்கட்டும், தறி மூலையிலே இருக்கட்டும்" என்றார் அம்மா. நானும் சரியென்று இருந்துவிட்டேன். தறி கதவுக்குப் பின்னுள்ள இருண்ட மூலைக்குப் போயிற்று.

ஐந்து திங்கள் கழிந்தன. குடியாத்தத்திலிருந்து கஞ்சி தோய்ந்து சுற்றிய பாவு வரும். நெய்த துணி அங்கே போகும். அந்த வருவாயில்தான் என் விண்ணப்பக் கட்டணமும் முதல் பருவக் கட்டணமும் கட்டப்பட்டன. ஒரு நாள் மாலை அம்மா தறியை விட்டு எழுந்தார். எழுந்தவர் அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். இரு தொடைகளும் மரத்துப் போயிருந்தன.

"எத்தினி நாளா இப்படி?" என்று அப்பா கேட்டார்.

"தறி வந்ததிலிருந்தே இருக்குதுங்க. பழகிடும்னு நெனச்சேன்" என்றார் அம்மா.

அப்பா தறியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: "கீழே முட்டு ஒண்ணு கோணலா நின்னா, அது கோணல்னு சொல்லுவோம். பழகிடும்னு யாரும் சொல்லமாட்டோம்."

அன்றிரவே என் மேசையைச் சன்னலை விட்டு நகர்த்தினேன். மறுநாள் முதல் நாங்கள் மூவரும் தறியை ஒவ்வொரு பகுதியாகத் திருத்தத் தொடங்கினோம். ஆயா காலத்துக் குழியில் தானாக அமைந்திருந்தவற்றைச் சட்டத்தறியில் நாமே அளந்து அமைக்க வேண்டியிருந்தது. அவற்றை முறையாகக் கீழே தருகிறேன்.

1. தளம்

முதலாவது, தறி நேராக நிற்க வேண்டும். நான்கு கால்களில் ஒன்று தாழ்ந்தாலும் பாவு ஒருபுறம் தளர்ந்து மறுபுறம் இறுகும். இறுகிய பக்கத்து இழை அறும். நெய்பவரும் தம்மை அறியாமல் ஒருபக்கம் சாய்ந்து அமர்வார். அப்பா நீர் நிரப்பிய கண்ணாடிக் குழாய் ஒன்றைக் கொண்டு நான்கு கால்களின் மட்டத்தையும் ஒத்துப் பார்த்தார். தண்ணீர் பொய் சொல்லாது. அடுத்து, மூலைக்கு மூலை கயிறு பிடித்து அளந்தார். இரு குறுக்களவும் ஒன்றாக இருந்தால்தான் சட்டம் சதுரமாக நிற்கிறது என்று பொருள். எங்கள் தறியில் அரை அங்குலம் வேறுபட்டது. ஓர் ஆப்பு அதனைச் சரி செய்தது.

தறியைச் சுற்றிலும் ஓர் ஆள் நடக்க இடம் விட வேண்டும். பின்னால் பாவில் அறுந்த இழையைப் பிணைக்கப் போகிறவர் சுவரோடு நசுங்கிக்கொண்டு போகலாகாது. மூலையில் இருந்தபோது அம்மா தறிக்கு அடியில் தவழ்ந்துதான் பின்பக்கம் போவார்.

2. இருக்கை

இருக்கையின் உயரத்திற்கு அளவுகோல் நெய்பவரின் முழங்கை. நிமிர்ந்து அமர்ந்து கைகளை இயல்பாகத் தொங்கவிட்டு முழங்கையை மடக்கினால், அது நெய்யும் துணியின் மட்டத்திற்கு ஓர் அங்குலமோ இரண்டங்குலமோ மேலே நிற்க வேண்டும். தாழ்ந்தால் தோள் தூக்கும். மிக உயர்ந்தால் முதுகு வளையும். ஒருவருக்கு அமைத்த இருக்கை மற்றவருக்குப் பொருந்தாது. தாயும் மகளும் மாறி மாறி நெய்யும் வீட்டில், இருக்கைப் பலகையை ஏற்றவும் இறக்கவும் வகை செய்துகொள்வது நலம். இருபுறமும் இரண்டு மூன்று துளையிட்டு முளை செருகினால் போதும்.

இடுப்பு முழங்காலைவிடச் சற்று உயர்ந்திருக்க வேண்டும். அதற்காகப் பலகையை முன்பக்கம் சிறிது சரிவாக வைத்தோம். தொடை மரத்துப் போனதற்குக் காரணமும் அங்கேதான் இருந்தது. பலகையின் முன்விளிம்பு கூர்மையாக இருந்து, தொடையின் அடியை நாள் முழுதும் அழுத்தியிருக்கிறது. அவ்விளிம்பை இழைத்து உருட்டினோம். மேலே பழம்புடவையை நான்காக மடித்துப் பரப்பினோம். மிகவும் மெத்தென்ற பஞ்சணை வேண்டாம்; அதில் உடல் அமிழ்ந்து, ஒவ்வொரு மிதிக்கும் இடுப்பு ஆடும்.

3. மிதி

ஆனால் அம்மா ஏன் விளிம்பிலேயே அமர்ந்தார்? பலகை அகலமாகத்தானே இருந்தது? கேட்டபோது, "உள்ள தள்ளி உக்காந்தா கால் எட்டலடா" என்றார். மிதி மூன்றங்குலம் எட்டத்தில் கட்டப்பட்டிருந்தது. தொடையில் வலி, பிழையோ மிதியில். இது நான் கற்ற பெரிய பாடம். வலிக்கும் இடம் ஒன்று, காரணம் இருக்கும் இடம் வேறு.

மிதியைப் பின்னுக்கு இழுத்துக் கட்டினோம். இருக்கையில் முழுமையாக அமர்ந்தபடியே பாதத்தின் முன்பகுதி மிதியில் படிய வேண்டும். மிதியை முழுதும் அழுத்தும்போதும் கால் விறைத்து நீளாமல், முழங்கால் சிறிதாவது மடங்கியிருக்க வேண்டும். மிதி மேலே எழும்போது முழங்கால் படமரத்தில் இடிக்கலாகாது. மிதியை விழுதோடு இணைக்கும் கயிறு தளர்ந்தால் கால் வீணாக ஆழம் போகும். ஆதலால் பாவு மாற்றும் ஒவ்வொரு முறையும் அக்கயிற்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஓய்ந்திருக்கும் கால் தொங்காமல் படிய, கீழே ஒரு செங்கல் வைத்தோம்.

4. கை

1733ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஜான் கே என்பவர் கண்ட பொறியமைப்பே, இன்று நம் தறிகளில் கயிற்றை இழுத்தால் ஓடும் நாடா. அதற்குமுன் நாடாவை ஒரு கையால் எறிந்து மறு கையால் பிடிக்க வேண்டும். துணி அகலமானால் கை எட்டாது. புதிய அமைப்பு அந்தத் துன்பத்தை நீக்கியது. ஆனால் இழுக்கும் வேலை முழுவதையும் ஒரே கைக்குத் தந்தது. ஆகவே கைப்பிடி தொங்கும் உயரம் மிக முக்கியம். முழங்கை மட்டத்தில், கைக்கு நேராக அது இருக்க வேண்டும். மணிக்கட்டைச் சுண்டினால் நாடா ஓட வேண்டும். தோளிலிருந்து இழுத்தால் எங்கோ பிழை என்று அறிக. எங்கள் தறியில் அந்தப் பிழை நாடா ஓடும் தடத்தில் இருந்தது. அதில் படிந்திருந்த பஞ்சுப்பிசிறைத் துடைத்ததும் பாதி இழுப்புக் குறைந்தது.

இன்னொரு பழக்கமும் கூறுவேன். நெய்யும் முனை முன்னேற முன்னேறக் கையும் முதுகும் அதைத் தொடர்ந்து நீளும். 'இன்னும் இரண்டங்குலம் நெய்துவிட்டுச் சுருட்டலாம்' என்ற எண்ணம்தான் முதுகுவலியின் வித்து. இரண்டங்குலம் நெய்தவுடன் துணியைப் படமரத்தில் சுருட்டிக்கொள்ள வேண்டும். சுருட்டுவதற்கு ஒரு கணம். அதில் உடல் நிமிர்கிறது. அடியும் ஒரே சீராக விழுவதால் துணியும் ஒரே நெருக்கமாக அமைகிறது.

5. வெளிச்சம்

வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து விழுவது சிறந்தது. பின்னாலிருந்து வந்தால் நெய்பவர் தலையின் நிழல் துணிமேல் விழும். நேர் எதிரிலிருந்து வந்தால் கண் கூசும். சன்னல் இடப்பக்கம் அமையுமாறு தறியைத் திருப்பினோம். மாலை நேரத்திற்காக, நெய்யும் முனைக்கு மேலே, நெற்றிக்குச் சற்று முன்னால், மறைப்புள்ள மின்விளக்கு ஒன்றைத் தொங்கவிட்டோம். அறைக்கு நடுவில் எரியும் விளக்கு அறைக்குத்தான் வெளிச்சம், நெய்பவருக்கு அன்று.

கறுப்பு, கருநீலம் போன்ற பாவுகளைப் பகலிலேயே நெய்துவிட வேண்டும். அறுந்த கருநிற இழையை மாலையில் தேடுவது கண்ணுக்குக் கொடுமை. வெளிர்நிறங்களை மாலைக்கு வைத்துக்கொள்ளலாம்.

6. காற்று, ஈரம், தூசி

குழித்தறியில் ஓர் அறிவு புதைந்திருக்கிறது. பருத்தி இழை ஈரத்தில் வலுக்கும், வறட்சியில் முறியும். தரையோடு தாழ்ந்து கிடக்கும் பாவுக்கு மண்ணின் ஈரம் சிறிது கிடைக்கிறது. சட்டத்தறியில் பாவு தரையைவிட்டு எழுந்துவிட்டது. தங்கவயலோ கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 850 மீட்டர் உயரத்தில் உள்ள வறண்ட மேட்டுநிலம். பங்குனி, சித்திரையில் இழை அறுந்துகொண்டே இருந்தது. இழை அறும்போதெல்லாம் நெய்பவர் குனிய வேண்டும். ஆதலால் ஈரம் என்பது துணிக்கு மட்டுமன்று, முதுகுக்கும் தேவை. தறியின் அடியில் அகன்ற தட்டில் நீர் வைத்தோம். நனைத்த கோணியைப் பாவில் படாதவாறு பக்கத்தில் தொங்கவிட்டோம். மின்விசிறியின் காற்று நெய்பவர்மேல் படலாம். பாவின்மேல் நேராக வீசலாகாது.

எங்கள் ஊருக்கு உரிய இடர் ஒன்றும் உண்டு. தங்கம் பிரித்தெடுத்த பின் கொட்டிய மண், மலைமலையாக ஊருக்குள் நிற்கிறது. சைனைடு மலை என்போம். காற்றுக் காலத்தில் அதன் துகள் வீடெல்லாம் புகும். சன்னலைத் திறந்தால் தூசி. மூடினால் புழுக்கமும் இருளும். மேல்பாதியைத் திறந்துவிட்டு, கீழ்ப்பாதியில் நனைத்த மெல்லிய துணியைக் கட்டுவது எங்கள் வழி.

பஞ்சுப்பிசிறும் தூசிதான். அப்பா தறியின் அடியைப் பெருக்கும்முன் நீர் தெளிப்பார். பாறையைத் துளைக்கும்போது நீர் பாய்ச்சித் தூசியை அடக்குவது சுரங்கத்தில் கற்ற பாடம். அந்தப் பாடம் காலந்தாழ்ந்து வந்ததால் இருமி இருமி மாண்டவர்களை அவர் அறிவார். எனவே நீர் தெளிக்காமல் துடைப்பத்தைத் தொடமாட்டார். தார் சுற்றும்போது மூக்கை ஒரு துணியால் மூடிக்கொள்வதும் நன்று.

7. ஓய்வு

எத்துணைச் செம்மையான இருக்கையானாலும் அதில் அசையாமல் நெடுநேரம் இருப்பது தீங்கே. வீட்டில் நெய்பவருக்கு இது பெரிய சோதனை. கூலி துணிக்கே அன்றி நேரத்துக்கு இல்லை. ஆகையால் எழவே மனம் வராது.

இதற்கு அப்பா கண்ட வழி எளியது. "சுரங்கத்துல ஷிஃப்டு முடிஞ்சா சங்கு ஊதும். இந்தத் தறிக்குச் சங்கு இல்லையே!" என்றார். அவரே சங்கானார். ஒரு மணிக்கு ஒரு முறை வாசலிலிருந்து குரல் கொடுப்பார். அம்மா எழுந்து வெளியே வந்து, கைகளை மேலே நீட்டி, தொலைவில் தெரியும் சைனைடு மலையைச் சிறிது நேரம் பார்ப்பார். அருகிலேயே ஊன்றியிருந்த கண்ணுக்குத் தொலைவு ஓய்வு தரும். தார் சுற்றுதல் போன்ற வேறு வேலைகளை நெசவுக்கு இடையிடையே வைத்துக்கொள்வதும் ஓய்வுக்கு ஒரு வகை. ஒரே தசையை ஓயாமல் இயக்காதிருப்பதே இதன் கருத்து.

பயன் என்ன?

இவற்றுக்கெல்லாம் பெரும்பொருள் செலவாகவில்லை. ஓர் ஆப்பு, ஒரு செங்கல், ஒரு பழம்புடவை, ஒரு மின்விளக்கு, சில முழக் கயிறு. துணி இருமடங்கு பெருகியது என்று நான் சொல்லமாட்டேன், அது பொய்யாகும். அறுந்த இழைகள் குறைந்தன. கரை ஒரே நேராக வந்தது. சில வாரங்களில் தொடை மரப்பு நீங்கியது. தோள்வலி முழுதும் நீங்கவில்லை. அத்தனை நாள் இழுத்த இழுப்பு அவ்வளவு எளிதில் போகுமா? கூலியும் கூடவில்லை. இருக்கையைத் திருத்தலாம், கூலியைத் திருத்த ஒரு வீட்டால் முடியாது. அது நாட்டார் எல்லோரும் எண்ண வேண்டிய வேறொரு பொருள்.

நண்பர்களே, நம்முள் பலர் நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் அல்லர். ஆயினும் ஒவ்வொரு வீட்டிலும் ஏதோ ஒரு தறி இருக்கிறது. அது தையற்பொறியாக இருக்கலாம், பீடி சுற்றும் முறமாக இருக்கலாம், பூக்கட்டும் திண்ணையாக இருக்கலாம். அதன்முன் யாரோ ஒருவர் குனிந்து அமர்ந்திருக்கிறார். விடுமுறைக்கு ஊர் செல்லும்போது, அவர் அமர்ந்திருக்கும் இடத்தில் நாம் ஒரு மணி நேரம் அமர்ந்து பார்ப்போம். முழங்கை எங்கே நிற்கிறது, வெளிச்சம் எங்கிருந்து விழுகிறது, கால் எதில் படிகிறது என்று பார்ப்போம். அளவு நாடா ஒன்றும் கையோடு இருக்கட்டும்.

இப்போது நான் ஊருக்குப் போனால், கதவுக்குப் பின்னுள்ள அந்த மூலையில்தான் என் மேசை இருக்கிறது. அங்கே ஒரு சிறு விளக்கைப் பொருத்திக்கொண்டேன். படிப்பதற்கு அதுவே போதுமானதாக இருக்கிறது.